7/8 என்று எழுதினால் மட்டும் போதாது: தாளக்குறிக் கேள்விகள்

இசைக்குறிகளை அச்சிடும் மென்பொருள்களில் தாளக்குறி எழுதுவது பற்றி வந்த கேள்விகள் இவை. கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

மருதனார்மடத்து இசை மாணவி: மிசிர சாபு (ஏழு எண்ணிக்கைத் தாளம்) கீர்த்தனை ஒன்றை லிலிபாண்ட் என்ற இசைக்குறி மென்பொருளில் எழுதுகிறேன். \டைம் 7/8 கொடுத்தேன். தகிட தகதிமி என்ற பிரிவு தெரியவில்லை.

7/8 என்பது மொத்தத்தை மட்டுமே சொல்கிறது. அதே ஏழு 2+2+3 ஆகவும் வரலாம். சாபுவில் தட்டு விழுவது 1, 4, 6 ஆம் எண்ணிக்கைகளில். அதை மென்பொருளுக்கும் சொல்ல வேண்டும்: \டைம் 3,2,2 7/8. முகப்பில் 7/8 என்றே அச்சாகும். குவேவர்களை, அதாவது கீழே 8 என்று குறிக்கும் சுரங்களை, சேர்க்கும் பீம் என்ற கோடு மட்டும் தாளத்தோடு போகும். தாளம் தெரிந்தவர்கள் வாசிப்பதென்றால் இதுவே போதும்.

சாபுவே கேட்டிராத வயலின்காரருக்குக் கொடுப்பதானால் பிரிவையும் அச்சிடுங்கள். லிலிபாண்டின் 2.24 பதிப்பில் அதற்கு \காம்பவுண்ட்மீட்டர் #'((3 2 2 8)). ஆங்கிலத்தில் தட்டும்போது ‘மீட்டர்’ தொடங்கும் எம் மட்டும் பெரிய எழுத்து. கடைசி எண்தான் கீழே நிற்கும் 8. மற்றவை மேலே 3+2+2 என்று வரும். கூட்டல் குறியை மென்பொருளே போட்டுக்கொள்ளும், நீங்கள் போட வேண்டாம். பீமும் தானாகவே பிரிந்துவிடும்.

இணுவில் வாசகர்: இதே வரியை நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒட்டினால் பிழை காட்டுகிறது.

அடைப்புக்கு முன்னால் உள்ள ஒற்றை மேற்கோள் குறியைப் பாருங்கள். சில செயலிகள் அதை வளைத்துவிடும். அழித்துவிட்டு நேர்குறியாகத் தட்டுங்கள்.

குருநகர் பாடகர் குழு: ஆறு குவேவர். 6/8 போடுவதா, 3/4 போடுவதா?

பாடிக்கொண்டே கை தட்டிப் பாருங்கள். இரண்டு தட்டு என்றால் 6/8, மூன்று என்றால் 3/4. 6/8 இல் வேகத்தையும் புள்ளியிட்ட குரோச்செட்டில் (மூன்று குவேவர் நீளம்) கொடுங்கள்: \டெம்போ 4. = 60. பாட்டு ஒரு குவேவர் முன்னதாக எடுத்தால் தொடக்கத்தில் \பார்ஷல் 8.

இன்னொருவர்: சுரங்களை ஆங்கில எழுத்துகளாகத் தட்டும் ஏபிசி குறிமுறையில் கண்ட சாபு (ஐந்து எண்ணிக்கைத் தாளம்) எழுதினேன். எல்லா சுரமும் பாதி நீளமாகிவிட்டது!

ஏபிசியில் பலர் இடறும் இடம் இது. அலகு நீளத்தை, அதாவது ஓர் எழுத்து எவ்வளவு நீளச் சுரம் என்பதை, நீங்கள் சொல்லாவிட்டால் தாளக்குறியைப் பின்னமாகப் பார்த்து அதுவே முடிவெடுக்கும். 0.75க்குக் கீழே என்றால் 1/16, இல்லையேல் 1/8. 5/8 என்பது 0.625, அதனால்தான் 7/8 இல் வராத தொல்லை இதில் வருகிறது. தாளக்குறிக்கான எம்:(2+3)/8 என்ற வரியோடு, அலகு நீளத்துக்கு எல்:1/8 என்றும் எழுதுங்கள். பீமுக்கு இடைவெளிதான் கணக்கு: இரண்டு சுரம் சேர்த்து, ஓர் இடம் விட்டு, மூன்று சுரம்.