ராஸ்காமனில் இரண்டு நாள்: எங்கே நிற்பது, எதை விடுவது?

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. மகனுக்குப் பத்து வயது. சனி, ஞாயிறு காரில் அயர்லாந்தின் ராஸ்காமன் கவுன்ட்டிக்கு (மாவட்டம்) போக எண்ணம். பழைமையான இடங்களில் எவற்றைப் பார்க்கலாம்?

பதில்: சனிக்கிழமை காலையில் நேராக ஸ்ட்ரோக்ஸ்டவுன் போய்விடுங்கள். டப்ளினிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். அங்குள்ள ஜமீன் மாளிகையும் 1840களின் பெரும் பஞ்சத்தைச் சொல்லும் தேசிய அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அரை நாளை அதற்கே ஒதுக்குங்கள்.

முதலில் மாளிகையின் சமையற்கட்டைப் பாருங்கள். மேலே ஒரு மாடம் ஓடுகிறது. வீட்டு எசமானி அங்கே நின்றபடி சமையல் நடப்பதைக் கவனிப்பார். என்ன சமைக்க வேண்டும் என்ற பட்டியலையும் அங்கிருந்தே கீழே போடுவாராம். வேலையாட்கள் விருந்தினர் கண்ணில் படாமல் போய்வரச் சுரங்கவழியும் உண்டு. பிறகு அருங்காட்சியகத்துக்குள் போங்கள். உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தபோது, 1846இல் குடியானவர்கள் இதே பண்ணைக்கு எழுதிய மனு இருக்கிறது. மறு ஆண்டு பண்ணையார் டெனிஸ் மேஹன் 1,490 பேரைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்ப முடிவு செய்தார். அவர்கள் ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளின்வரை நடந்தே போனார்கள். வழியில் கப்பலிலும் கரையிலும் பலர் மாண்டார்கள். அந்த நவம்பரில் மேஹனும் சுட்டுக் கொல்லப்பட்டார். 1841இல் இந்தக் கவுன்ட்டியில் சுமார் 2.53 லட்சம் பேர், 1851இல் 1.73 லட்சம்தான். அந்தச் சமையற்கட்டையும் இந்த மனுவையும் ஒரே நாளில் பார்ப்பதற்காகவே இவ்வளவு தூரம் போகலாம் என்பேன்.

மதியத்துக்குமேல் டல்ஸ்க் ஊரில் உள்ள ராத்க்ரோகன் மையம். பக்கத்து ஊர்தான். அயர்லாந்தின் மேற்கே இருந்த பழைய கொனாக்ட் நாட்டின் தலைமையிடம் இது. ஐரிஷ் பழங்கதைகளில் வரும் அரசி மேவ் (Medb) வாழ்ந்த ஊர். கணவனுக்கும் தனக்கும் சொத்து சமமா என்று பார்க்கப்போய், ஒரு காளை குறைகிறது என்று பக்கத்து நாட்டின்மேல் படையெடுத்தவள். இந்தக் கதையைக் காரிலேயே மகனுக்குச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் களத்தில் கண்ணுக்குத் தெரிவது புல் மூடிய மேடுகள் மட்டுமே. முக்கியமான மேடு சுமார் 90 மீட்டர் அகலம். வழிகாட்டி இல்லாமல் போனால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். அது பெரிய இழப்பு. முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

அங்கே ‘பூனைக் குகை’ ஒன்று உண்டு. ஹாலோவீனுக்கு மூலமான ‘சாவின்’ (Samhain) என்ற பழைய ஐரிஷ் பண்டிகையன்று மறுவுலகம் திறக்கும் வாசல் என்பது ஐதீகம். வாயில் மேற்கல்லில் மேவின் பெயர் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. உள்ளே குனிந்து, சேற்றில் சறுக்கித்தான் இறங்க வேண்டும். தனியார் நிலம் என்பதால் வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். மகனுக்கு ரப்பர் பூட்ஸும் மாற்றுடையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இது வேண்டவே வேண்டாம். டல்ஸ்க் மையத்தின் கண்காட்சி போதும்.

ஞாயிறு பாயில் (Boyle) ஊருக்கு. 1161இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் நிறுவிய மடாலயம். கூரையில்லாத நடுக்கூடத்தில் நின்று இருபக்கமும் பாருங்கள்: ஒருபுறம் வளைவுகள் அரைவட்டம், மறுபுறம் கூர்முனை. கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆனதால் இடையில் கட்டடப் பாணியே மாறிவிட்டது. தூண் தலைகளில் சிறு மனித உருவங்களும் விலங்குகளும் உண்டு. மகனை எண்ணச் சொல்லுங்கள். அம்மாவும் மெதுவாக நடந்து பார்க்கலாம். குளிர்காலத்தில் மூடியிருக்கும், திறப்பு நாளை முன்பே சரிபாருங்கள்.

நேரம் மிஞ்சினால் வடக்கே அரிக்னா நிலக்கரிச் சுரங்கம். 1990இல் மூடிய சுரங்கத்துக்குள் அங்கே உழைத்தவர்களே வழிகாட்டி அழைத்துப் போவது வழக்கம். நிலக்கரி அடுக்கு மெல்லியது என்பதால் ஒருக்களித்துப் படுத்தே கரி வெட்டினார்கள். உள்ளே குளிரும், அம்மா வருவதானால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.