கொம்பனி மூடப்பட்டால் கட்டிய காசு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணை, நாங்கள் கொக்குவிலில் ஐந்து பெடியள். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடி மேசை ஆர்பிஜி விளையாடுவோம். அமெரிக்காவில் ஒரு சின்ன வெளியீட்டாளரின் புது விதிப்புத்தகத்துக்கு எல்லாரும் காசு போட்டு, என்னுடைய விசா டெபிற் காட்டில் 148 டொலர் முற்பணம் கட்டினோம். ஒக்டோபரில் அனுப்புவோம் என்றார்கள். பிறகு ஜனவரிக் கடைசி என்றார்கள். போன கிழமை "கனத்த மனதோடு கொம்பனியை மூடுகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தது. காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மற்ற நாலு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?
(கொக்குவில் வாசகர்)

பதில்: தம்பி, முதலில் இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, செய்வது பலிக்குமா இல்லையா என்று பல முகக் கட்டைகளை உருட்டிப் பார்க்கிற விளையாட்டு. 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் மூத்தது. தாயம் உருட்டிப் பழகிய ஊருக்கு விளங்காத சங்கதி இல்லை.

இனி காசு. கொம்பனிக்கு எழுதிக் கெஞ்சுவதை இரண்டாவது வேலையாக வையுங்கள். முதல் வேலை உங்கள் வங்கி. காட்டில் கட்டியது உங்களுக்கு அதிர்ஷ்டம். பொருள் வராவிட்டால் கட்டிய காசைத் திருப்பிக் கேட்கிற முறைக்கு சார்ஜ்பேக் என்று பெயர். கிறெடிற் காட்டுக்கு மட்டும்தான் அது உண்டு என்று சிலர் சொல்வார்கள். அது பிழை, டெபிற் காட்டுக்கும் உண்டு. விசாவின் பொது விதிப்படி, பொருள் வருமென்று சொன்ன திகதியிலிருந்து 120 நாள் தவணை. ஆனால் காசு கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. உங்கள் கணக்கில் ஜனவரி 31இலிருந்து எண்ணினால் மே மாதக் கடைசி. வங்கிக்காரருக்கும் கடுதாசி பார்க்க நாள் வேண்டும், ஆகையால் இந்தக் கிழமையே போங்கள்.

போகும்போது கையில் நாலு தாள் இருக்கட்டும்: ஓடர் உறுதிப்படுத்திய மின்னஞ்சல், ஜனவரி என்று திகதி சொன்ன மின்னஞ்சல், மூடுகிறோம் என்ற மின்னஞ்சல், நீங்கள் காசைத் திருப்பிக் கேட்டு எழுதிய மின்னஞ்சல். கடைசியானதை இன்றிரவே இரண்டே வரியில் எழுதி அனுப்புங்கள். பதில் வராது. பதில் வராததுதான் உங்களுக்கு வேண்டிய சாட்சி. வங்கியில் "புத்தகக் கொம்பனி முறிந்து போச்சு" என்று பெரிய கதை தொடங்காதீர்கள். "கட்டிய பொருள் வந்து சேரவில்லை, டிஸ்பியூட் ஃபோம் தாருங்கள்" என்றால் போதும். கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கு அது என்னவென்று தெரியாவிட்டால், காட் பிரிவின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி அங்கேயே நின்று எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதற்கிடையில் கொம்பனியிடமிருந்து "புத்தகத்துக்குப் பதிலாக பீடிஎஃப் தருகிறோம், சம்மதமா" என்று கேட்டு வரலாம். சம்மதம் என்று அமத்தினால் வங்கி உங்கள் முறைப்பாட்டைத் தள்ளிவிட இடமுண்டு. காசு திரும்பினால் அது வருகிற நாளின் டொலர் விலையில்தான் வரும். நூறு இருநூறு ரூபாய் கூடிக் குறைந்தால் ஐந்து பேரும் சண்டை பிடிக்காதீர்கள்.

வங்கி கைவிட்டால் மிச்சம் நீதிமன்ற வழி. அமெரிக்காவில் கொம்பனி முறிவுக்கு இரண்டு பாதை உண்டு. சட்டத்தின் 7ஆம் அத்தியாயம் என்றால் உள்ளதை விற்றுப் பங்கிட்டு மூடுவது. 11ஆம் அத்தியாயம் என்றால் கடனை ஒழுங்குபடுத்திக்கொண்டு தொடர்ந்து நடத்தப் பார்ப்பது. இரண்டிலும் "எனக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று ஒரு உரிமைக்கோரல் படிவம் நிரப்பி அனுப்பலாம், கட்டணம் இல்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். சந்நிதிக் கோயில் அன்னதானத்தில் கடைசிப் பந்திக்கும் சோறு வரும், கடன்காரர் பந்தியில் அப்படி இல்லை. ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கி முதல் இலை. பிறகு வழக்குச் செலவு, பிறகு வேலையாட்களின் சம்பளம். சொந்தப் பாவனைக்கு முற்பணம் கட்டிய ஆளுக்கு, 2025 ஏப்ரலுக்குப் பிறகு பதிந்த வழக்கு என்றால், 3,800 டொலர் வரைக்கும் சாதாரணக் கடன்காரருக்கு முன்னால் ஓர் இலை உண்டு. அந்த இலைக்கு வரும்போது சட்டியில் ஏதும் மிஞ்சியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்துக் கொம்பனி என்றால் அந்தச் சலுகையும் இல்லை, அச்சகக்காரனோடு ஒரே வரிசை. இன்னொன்று, சின்ன வெளியீட்டாளர்கள் பலர் நீதிமன்றத்துக்கே போவதில்லை, கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது படிவமும் இல்லை, பந்தியும் இல்லை. அதனால்தான் முதலில் வங்கி என்றேன்.

"வேறொருவர் வாங்கி நடத்துவாராம்" என்று கதை வரும். வரலாற்றில் எல்லா விதமும் நடந்திருக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை முதலில் வெளியிட்ட டி.எஸ்.ஆர். கொம்பனியே 1996 கடைசியில் விழுந்தது. புத்தகக் கடைகளிலிருந்து விற்காத நூல்கள் திரும்பி வந்து குவிய, அச்சகத்துக்குக் கொடுக்கக் காசில்லாமல் அச்சு வேலை நின்றது. 1997இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் வாங்கியதால்தான் அந்த விளையாட்டு பிழைத்தது. ஸ்டார் வோர்ஸ் ஆர்பிஜி வெளியிட்ட வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 1998இல் முறிந்தபோது அந்த உரிமமும் கையை விட்டுப் போனது. மாறாக, கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் ஆட்களிடம் காசு சேர்த்து அனுப்ப முடியாமல் திண்டாடிய கேயோசியம் கொம்பனிக்கு 2015இல் பழைய நிறுவனர் கிரெக் ஸ்டாஃபோர்ட் திரும்பி வந்து, தர வேண்டிய புத்தகங்களைத் தந்து முடித்தார்கள். அது அதே கொம்பனி. புதிதாக ஒருவர் வாங்குகிறார் என்றால் பெரும்பாலும் பெயரையும் உரிமைகளையும்தான் வாங்குவார், உங்கள் 148 டொலர் கடனை வாங்க மாட்டார். எனவே அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு மே மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

மூடுகிறவர்கள் எல்லாரும் கள்ளரும் இல்லை. 2025 ஜனவரியில் டயமண்ட் என்ற பெரிய விநியோகக் கொம்பனி முறிவு வழக்குப் பதிந்தபோது, அதன் களஞ்சியத்தில் விற்கக் கொடுத்து வைத்திருந்த தங்கள் புத்தகங்களையே வெளியீட்டாளர்கள் எடுக்க முடியாமல் இழுபட்டார்கள். பாவம்தான். அதற்காக நீங்கள் உங்கள் காசைக் கேட்காமல் இருக்கத் தேவையில்லை.

கேள்வி: நான் கிக்ஸ்டார்ட்டர் மாதிரித் தளங்களில் பேபால் வழியாகவோ காட்டிலோ கட்டியிருந்தால் இதே வழிதானா? (அவரே கேட்டது)

பதில்: இல்லை. கிக்ஸ்டார்ட்டர் தன்னைக் கடை என்று சொல்வதில்லை. நீங்கள் அங்கே ஒரு முயற்சிக்குக் கை கொடுக்கிறீர்கள், வாங்குபவராக நிற்கவில்லை. சொன்னதைச் செய்யும் பொறுப்பு காசு சேர்த்தவருடையது, தளம் திருப்பித் தராது. பேபால் 2016இலிருந்து கூட்டுநிதிக் கொடுப்பனவுகளுக்குத் தன் வாங்குவோர் பாதுகாப்பை நிறுத்திவிட்டது. காட் என்றால் வங்கியிடம் கேட்டுப் பாருங்கள், கேட்பதால் நட்டமில்லை. நான் பெரிதாக நம்பிக்கை தர மாட்டேன்.

கேள்வி: யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் மகனின் பிறந்தநாளுக்கு இந்த மாதிரி விளையாட்டுப் பெட்டி ஒன்று எடுத்துத் தரச் சொல்லி 15,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். இப்போது "வெளிநாட்டுக் கொம்பனி மூடிட்டாங்கள் அக்கா, நானும்தான் நட்டப்பட்டேன்" என்கிறார். "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்ற அறிவித்தலையும் காட்டுகிறார். (திருநெல்வேலி வாசகி)

பதில்: நீங்கள் காசு கொடுத்தது கடைக்காரரிடம். வெளிநாட்டுக் கொம்பனியோடு உங்களுக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. அவர் நட்டம் அவர் வியாபாரம். அந்த அறிவித்தல் விற்ற பொருளுக்கு, இங்கே பொருளே வரவில்லையே! பில் இருந்தால் படமெடுத்து வையுங்கள். பில் இல்லாமல் கொப்பியில் எழுதித் தந்திருந்தால் அந்தப் பக்கத்தையும். பிறகு இன்ன திகதிக்குள் தர வேண்டும் என்று தவணை சொல்லி எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப்பும் எழுத்துத்தான். தராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) போய் விசாரிக்கலாம், 1977 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். மூன்று மாதத் தவணை உண்டு, அதற்குள் போங்கள். அதுவும் இழுபட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபை இருக்கிறது, சட்டத்தரணிக்குச் செலவில்லை. பெரும்பாலும் அது வரைக்கும் போகாது. "நாளைக்கு கச்சேரிக்குப் போகிறேன் தம்பி" என்று ஆறுதலாக ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் கொம்பனியிடம் முன்பு வாங்கிய பீடிஎஃப்கள் என்னவாகும்? கொம்பனியே இல்லை என்பதால் போட்டோகொப்பி அடித்து எல்லாருக்கும் கொடுக்கலாமா? (சுன்னாகம் வாசகர்)

பதில்: இன்றே இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று பென்டிரைவில். கொம்பனியின் சொந்த இணையக்கடை என்றால் சேவர் கட்டணம் நிற்கிற நாளில் எல்லாம் போகும். கோப்பாக இறக்க விடாமல், தங்கள் தளத்துக்குள்ளேயே வாசிக்க விடுகிற சேவைகளில் வாங்கியதற்கு அந்த வசதியும் இல்லை. அடுத்த முறை வாங்குமுன் "கோப்பு என் கைக்கு வருமா" என்று பாருங்கள்.

கொப்பி அடிக்கிற கேள்விக்கு, பரமேஸ்வராச் சந்தியில் போட்டோகொப்பிக் கடை இருக்கிறது என்பதால் சட்டம் மாறாது. கொம்பனி செத்தாலும் பதிப்புரிமை சாகாது, கடன்காரருக்குப் போகிற சொத்துகளில் அதுவும் ஒன்று. உங்கள் பாவனைக்கு ஒரு பிரதி அச்சிட அனுமதி பல பீடிஎஃப்களின் முதல் பக்கத்திலேயே இருக்கும், வாசித்துப் பாருங்கள். விளையாட்டின் விதிமுறையைக் கற்றுக்கொண்டு உங்கள் சொந்த வசனத்தில் தமிழில் எழுதி வைத்தால் ஒருவரும் கேட்க முடியாது. யாராவது அதைச் செய்து எனக்கும் அனுப்பினால் சந்தோஷம்.

கேள்வி: மூடுகிற கொம்பனி 70 வீதக் கழிவில் விற்கிறது. வாங்கலாமா? (சுன்னாகம் வாசகரே)

பதில்: கையிருப்பில் உள்ளது, உடனே அனுப்புவது, காட்டில் கட்டுவது மூன்றும் சரி என்றால் வாங்கலாம். தபால் செலவைக் கூட்டிப் பார்த்தால் பலவேளை கழிவு அங்கேயே கரைந்துவிடும்.

கேள்வி: அண்ணை, ஓடரோடு வர வேண்டிய 20 முகக் கட்டைகளும் போச்சு. சனிக்கிழமை எப்படி விளையாடுறது? (மறுபடியும் கொக்குவில்)

பதில்: 1979இல் டி.எஸ்.ஆருக்கே கட்டை தட்டுப்பாடாகி, விளையாட்டுப் பெட்டிக்குள் கட்டைக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு விற்றார்கள். ஒரு மைலோ ரின், 20 புளியங்கொட்டை, ஒரு வெள்ளை மார்க்கர் பேனை. எண் எழுதி, குலுக்கி, கண்ணை மூடி ஒன்று எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும்.