மிதக்கும் சுண்டெலிக்கு மனச்சோர்வா? கேள்வி பதில்

கே: ஊக்க மருந்து சுண்டெலியை அமைதிப்படுத்தும் என்று படித்தேன். தலைகீழாக இருக்கிறதே, சார்?

ப: சாதாரணச் சுண்டெலி என்றால் துள்ளும். நீங்கள் படித்தது டோபமைன் கடத்திப் புரதத்தின் (மூளைச் செய்தி வேதிப்பொருளான டோபமைனை நரம்பணுவுக்குள் திரும்ப இழுக்கும் புரதம்) மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியைப் பற்றி. கைனெட்டினோவ், கேரன் என்ற ஆய்வாளர்களின் குழு 1999-இல் வெளியிட்ட வேலை. புதுக் கூண்டில் விட்டால் அது ஓயாமல் ஓடும். மெத்தில்பெனிடேட் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார்கள், அடங்கியது. அந்த மருந்து வந்து அடைக்க வேண்டிய கடத்தியே அங்கே இல்லை. பிறகு எப்படி? சந்தேகம் செரட்டோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருள் பக்கம் போனது. செரட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டின் கொடுத்தார்கள், அதற்கும் அடங்கியது. செரட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபானுக்கும் அப்படியே. அழகான சோதனை. ஆனால் மரபணு நீக்கிய விலங்கை வைத்துக் குழந்தைகளின் கவனக்குறைவுக் கோளாறுக்கு முடிவு கட்டாதீர்கள்.

கே: மனச்சோர்வு மருந்தை நீச்சல் சோதனையில் எப்படிப் பார்ப்பது?

ப: 1977-இல் போர்சோல்ட் என்ற ஆய்வாளர் தொடங்கி வைத்தது. கண்ணாடி உருளையில் சுமார் 25 டிகிரித் தண்ணீர், அதில் சுண்டெலி 6 நிமிடம். கடைசி 4 நிமிடத்தில் எவ்வளவு நேரம் சும்மா மிதக்கிறது என்று குறிப்பார்கள். மூக்கு மூழ்காமலிருக்க ஒரு பின்னங்காலை லேசாகத் தட்டினால் அதுவும் மிதப்புதான். மனச்சோர்வு மருந்து அந்த நேரத்தைக் குறைக்கும். ஊக்க மருந்தான ஆம்பெட்டமைனும் குறைக்கும், ஓட்டத்தைக் கூட்டுவதால். அதனால் திறந்தவெளிச் சோதனையில் (காலிப் பெட்டியில் விட்டுப் பார்ப்பது) நடமாட்டத்தைத் தனியே அளக்காமல் நீச்சல் முடிவை நம்பாதீர்கள்.

கே: எங்கள் ஆம்பெட்டமைன் குழு பிரமாதமாக நீந்தியது. மனச்சோர்வு குறைந்ததாக எழுதலாமா?

ப: முந்தைய பதிலை மறுபடி படியுங்கள்.

கே: தலை உதறலை எண்ணினால் செரட்டோனின் தெரியுமா? எங்கள் எலிகள் உடம்பையே உதறுகின்றன.

ப: எலி வேறு, சுண்டெலி வேறு. நனைந்த நாய் போல உடம்பை உதறுவது எலி. சுண்டெலி தலையை மட்டும், நொடிக்கு ஏறத்தாழ 90 தடவை என்ற வேகத்தில், கண் சிமிட்டும் நேரத்துக்கு ஆட்டிவிட்டு நிறுத்திவிடும். இது 5-எச்டி2ஏ என்ற செரட்டோனின் ஏற்பியின் வேலை. உடம்பில் செரட்டோனினாக மாறும் 5-எச்டிபி கொடுத்தால் உதறல் வரும். ஃப்ளூவாக்ஸெட்டினும் சேர்ந்தால் கூடும். வீடியோவை மெதுவாக ஓட்டி எண்ணுங்கள்.

கே: மிதப்பதை விரக்தி என்பதே அபத்தம். தப்ப வழியில்லை என்று கற்றுக்கொண்டு தெம்பைச் சேமிக்கிறது, அவ்வளவுதான்.

ப: பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஊசியில் மிதப்பு குறைகிறது. நோயாளிக்கோ வாரக்கணக்கில் ஆகிறது. விரக்தியை அளக்கிறோம் என்றால் இந்த இடைவெளி இடிக்கிறது.

கே: அப்படியானால் சோதனையையே தூக்கிப் போட வேண்டியதுதானே?

ப: மருந்து மூளையை எட்டியதா, ஏதாவது செய்கிறதா என்று சலிக்க உதவும். நோயின் மாதிரி என்று சொல்லித்தான் கெடுத்தோம். பட்டினி போட்டுப் புது இடத்தில் தீனி வைக்கும் சோதனையில் வாரக்கணக்கில் மருந்து கொடுத்தால்தான் தயக்கம் குறையும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கே: பசி கூடியிருந்தால்?

ப: நல்ல கேள்வி. அதனால்தான் பழைய கூண்டில் எவ்வளவு தின்கிறது என்றும் நிறுத்துப் பார்ப்போம்.

கே: சுண்டெலிக்குக் கிலோவுக்கு 10 மி.கி. என்றால், 70 கிலோ எடையுள்ள எனக்கு 700 மி.கி.யா?

ப: ஐயோ, வேண்டாம். அந்தக் கணக்கு அப்படிப் போகாது. உங்கள் மருந்தை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.