பிஜித் தீவுக் கிராமத்தில் மூலிகை அறிவைக் கற்கச் செல்பவர் எதைக் கொண்டு செல்ல வேண்டும்?

பிஜியின் தீவுக் கிராமம் ஒன்றில் தங்கி மூலிகைகளையும் வழக்கங்களையும் கற்க எண்ணுகிறீர்கள். கையில் என்ன எடுத்துச் செல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். குறிப்பேடும் கேமராவும் போதும் என்ற நினைப்பு உங்களுக்கு இருக்கலாம். எனக்கும் இருந்தது. நான் மானிடவியல் அறிஞன் அல்லன். தாவரவியல் படித்துவிட்டு, பிஜியின் தலைநகரான சூவாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். எனவே எல்லாத் தீவுகளுக்கும் இதுவே விதி என்று சாதிக்க வரவில்லை.

உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர், சூவாவுக்குத் தெற்கே கடாவுத் தீவில் உள்ள தம் ஊருக்கு என்னை அழைத்துச் சென்றார். விருந்தினராக வருபவர் ஊர்த் தலைவரிடம் யங்கோனா வேரை வைத்து அனுமதி கேட்பது அங்கே முறை. இதற்குச் செவுசெவு என்று பெயர். யங்கோனா மிளகுக்கும் வெற்றிலைக்கும் உறவான செடி என்பதால், தாம்பூலத் தட்டைப் போன்றது என்று எளிதாகப் புரிந்துகொண்டேன். ஆனால் முழு வேராக வாங்கச் சொன்ன நண்பரின் பேச்சைக் கேளாமல், சுமப்பதற்கு வசதி என்று இடித்த பொடியை வாங்கிச் சென்றேன்.

படகை விட்டு இறங்கியதும் தொப்பியும் தோள்பையுமாக நடந்தவன், வழியோரத்தில் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தும் பார்த்தேன். நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. ஊருக்குள் தொப்பி அணிவதும் தோளில் பை மாட்டுவதும் அங்கே மரியாதைக் குறைவு. பிஜி நிலத்தில் ஏறத்தாழ 87 விழுக்காடு பூர்வகுடிக் குலங்களுக்குப் பொதுவுடைமை. வழியோரச் செடி கேட்பாரற்றது என்பது நம் கற்பனை. தலைவரின் வீட்டுப் பாயில் நான் அமர்ந்தபோது, செய்தித்தாளில் சுற்றி நாடாவால் கட்டிய வேர்க்கட்டு ஒன்றை நண்பர் தம் பையிலிருந்து எடுத்து என் முன் நகர்த்தினார். என் பொடியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது. ஒருமுறை கைதட்டி, சிரட்டையில் தந்த யங்கோனா வேர்ப் பானத்தை ஒரே மூச்சில் குடித்து, மும்முறை கைதட்டினேன். நாக்கு மரத்துப்போனது.

மறுநாள் ஒரு மூதாட்டி தம் தோட்டத்தைக் காட்டினார். அவர் ‘குரா’ என்று தொட்டுக்காட்டிய மரம் நம் வெண்ணுணா. இலையைக் காட்டினாரே தவிர, அளவையும் பக்குவத்தையும் சொல்லவில்லை. அவை தம் குடும்பத்துக்கு உரியவை என்றார். நான் எழுதி வந்த மூலிகைப் பட்டியலைப் பின்னர் மூத்த ஆய்வாளர் ஒருவர் வாங்கித் தம் கட்டுரையில் சேர்த்துக்கொண்டார். அதில் அந்த ஊரின் பெயரும் இல்லை, அம்மூதாட்டியின் பெயரும் இல்லை. என் பெயர் விடுபட்டதற்காகப் புலம்புகிறேன் என்று சிலர் நினைக்கலாம், நினைத்துக்கொள்ளட்டும். கேட்காமல் பட்டியலைக் கொடுத்த தவறு என்னுடையதுதான்.

செடிகள் போன்ற மரபணு வளங்களின் பயனை உரியவர்களோடு பகிர வேண்டும் என்னும் பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறையைப் பிஜி 2012இலேயே ஏற்றுவிட்டது. ஆகவே ஆய்வு என்றால் அரசின் அனுமதியை முன்னதாகவே பெறுங்கள். அதன் பிறகும் ஊரின் அனுமதி தனி. வேரை முழுதாக வாங்குங்கள், இடுப்பில் வேட்டி போன்ற சுலுவைக் கட்டுங்கள், பையைக் கையில் பிடியுங்கள். எந்த இலை எந்த நோய்க்கு என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். இரண்டாம் முறை சென்றபோது, வெளியே சொல்வதில்லை என்று அம்மூதாட்டியிடம் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.