உண்டு, இல்லை, வேறு

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளன். இரவு ஷிப்ட் நாட்களில் தத்துவ அறிமுக நூல்களைப் படிப்பது வழக்கம். கிரேக்கத் தத்துவத்தில் மட்டும் முதல் இரண்டு அத்தியாயங்களைத் தாண்ட முடியவில்லை. தேலீஸ் எல்லாம் நீர் என்றார், அடுத்தவர் காற்று என்றார், இன்னொருவர் நெருப்பு என்றார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளே கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். இதை எப்படி மெட்டாபிசிக்ஸின், அதாவது 'இருப்பது என்றால் என்ன' என்று ஆராயும் தத்துவத்தின், தொடக்கம் என்கிறார்கள்? அப்புறம் பார்மெனிடிஸ். மாற்றம் கிடையாது, அசைவும் கிடையாது என்கிறார். எதிரில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க நான் இதைப் படிக்கிறேன். இவரை ஏன் இவ்வளவு பெரிய ஆளாக்குகிறார்கள்? உள்ளது ஒன்றே என்று உபநிடதம் ஏற்கெனவே சொல்லிவிட்டதே, அது இங்கிருந்து அங்கே போயிருக்குமா? கடைசியாக, மெட்டாபிசிக்ஸைத் தமிழில் என்னவென்று எழுதுவது? புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு சொல் இருக்கிறது.

க., ராஜபாளையம்

அன்புள்ள க.,

உங்கள் மகள் சிரித்ததில் தப்பே இல்லை. அரிஸ்டாட்டிலே இந்த முன்னோர்களைப் பற்றி, தத்துவம் அப்போது சின்னப் பிள்ளை, அதனால் மழலை பேசியது என்கிற மாதிரிதான் எழுதியிருக்கிறார். சிக்கலும் அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறது.

நான் கல்லூரியில் படித்தபோது இது 'பொருத்துக' வினாவாக வரும். இடப்பக்கம் தேலீஸ், அனாக்ஸிமாண்டர், அனாக்ஸிமெனிஸ், ஹெராக்ளிட்டஸ். வலப்பக்கம் நெருப்பு, நீர், எல்லையற்றது, காற்று. கோடு போட்டால் நான்கு மதிப்பெண். இந்த வரிசையின் மூலம் அரிஸ்டாட்டிலின் 'மெட்டாபிசிக்ஸ்' முதல் புத்தகம். ஒரு பொருள் ஏன் இருக்கிறது என்பதற்கு நான்கு வகைக் காரணங்கள் உண்டு என்பது அவர் கொள்கை. அதில் 'எதனால் ஆனது' என்ற முதல் வகையை முன்பே தொட்டவர்கள் யார் யார் என்று தேடினார். கல்யாண வீட்டில் தாய்மாமன் இந்தப் பக்கம், சித்தப்பா அந்தப் பக்கம் என்று நிறுத்திப் போட்டோ எடுப்பதுபோல இவர்களை நிறுத்தினார். தேலீஸ் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அவருக்கு இருநூறு ஆண்டுக்குப் பின் வந்த அரிஸ்டாட்டிலே, எல்லா உயிரின் உணவும் ஈரமாக இருப்பதைப் பார்த்து 'ஒருவேளை' அவர் அப்படி நினைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறார். பாடப்புத்தகம் அந்த 'ஒருவேளை'யை விட்டுவிட்டது.

ஆகவே நீரா காற்றா என்ற விடையை ஓரமாக வையுங்கள். அந்த விடைக்கு எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். ஒரு சோதனை சொல்கிறேன், இப்போதே செய்யலாம். உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்துக்கொண்டு உதட்டைக் குவித்து ஊதுங்கள். சில்லென்று இருக்கும். அப்புறம் வாயை நன்றாகத் திறந்து 'ஹா' என்று விடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். ஒரே வாய், ஒரே மூச்சு. இது அனாக்ஸிமெனிஸ் காட்டிய சான்று என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளுட்டார்க் பதிவு செய்திருக்கிறார். நெருக்கினால் குளிர்கிறது, தளர்த்தினால் சூடாகிறது. எனவே காற்று தளர்ந்தால் நெருப்பு, நெருங்க நெருங்கக் காற்றோட்டம், மேகம், நீர், மண், கல் என்பது அவர் கணக்கு.

நீங்கள் உடனே மறுப்பீர்கள். ஆலையில் கம்ப்ரசர் குழாயைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டவருக்குக் காற்றை அழுத்தினால் சூடாகும் என்று யாரும் சொல்லித் தரவேண்டாம். குவித்த உதட்டின் காற்று குளிர்வது, வேகமாகப் போகும்போது அக்கம்பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால். அனாக்ஸிமெனிஸ் தலைகீழாகச் சொல்லிவிட்டார், சரி. ஆனால் சூடு, குளிர், மென்மை, கடினம் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே பொருளின் அடர்த்தி வித்தியாசம் என்று ஒருவர் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் உள்ளங்கையை வைத்து வாதம் செய்கிறார். குணத்தை அளவால் விளக்குகிறார். உங்கள் மகளின் அறிவியல் புத்தகம் இன்றும் அதைத்தான் செய்கிறது.

அவருக்கு முந்தியவரான அனாக்ஸிமாண்டரிடம் இருப்பது இன்னும் பெரிய சங்கதி. பூமி நீரில் மிதக்கிறது என்று தேலீஸ் சொன்னதாகக் கேள்வி. அப்படியானால் நீரைத் தாங்குவது எது என்ற கேள்வி வரும். அனாக்ஸிமாண்டர் பூமியை எதுவும் தாங்கவில்லை என்றார். அது எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது, எல்லாப் பக்கமும் சமதூரம், இந்தப் பக்கம் நகர என்ன காரணமோ அதே காரணம் அந்தப் பக்கத்துக்கும் உண்டு, அதனால் எங்கும் நகராமல் நிற்கிறது என்றார். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பார்ப்பதெல்லாம் கீழேதான் விழுகிறது. 'இப்படித்தான் ஆகவேண்டும் என்பதற்குக் காரணம் இல்லையென்றால் அப்படி ஆகாது' என்ற ஒற்றை விதியைப் பிடித்துக்கொண்டு, கண் சொல்வதை எதிர்த்துப் போகிறார். என்னைக் கேட்டால் மெட்டாபிசிக்ஸின் விதை நீரில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

இந்த மூவரும் மிலேட்டஸ்காரர்கள். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அது பெரிய துறைமுகமாக இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டலில் துறைமுகம் தூர்ந்து, இப்போது இடிபாடுகளிலிருந்து கடல் பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. எல்லாம் நீர் என்றவரின் ஊரில் நீர் இல்லை.

இனி பார்மெனிடிஸ். மிலேட்டஸ் இருந்த அதே கரையில் ஃபோக்கேயா என்றொரு ஊர். பாரசீகப் படை வந்தபோது அந்த ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் கப்பலேறி மேற்கே போய், கடைசியில் இத்தாலியின் தென்மேற்குக் கரையில் எலேயா என்ற ஊரை அமைத்தார்கள். அங்கே பிறந்தவர் இவர். எழுதியது ஒரே ஒரு கவிதை, ஹோமரின் அதே யாப்பில். அதில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 150 வரிகள். அவற்றில் பெரும்பகுதி பிழைத்ததே ஒரு தற்செயல். ஆயிரம் ஆண்டு கழித்து, கி.பி. 6ஆம் நூற்றாண்டில், சிம்ப்ளீசியஸ் என்ற உரையாசிரியர் இந்த நூல் அரிதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நீளநீளமாகத் தன் உரையில் எடுத்து எழுதி வைத்தார். உரையாசிரியர்களால் பிழைத்த நூல்களைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கவிதை ஒரு தேர்ப் பயணத்தில் தொடங்குகிறது. பெண்குதிரைகள் இழுக்கின்றன. இரண்டு பக்கமும் சக்கரங்கள் சுழலும் வேகத்தில் அச்சு கனன்று, சக்கரக் குடத்துக்குள்ளிருந்து குழல்போல் கீச்சிடுகிறது. (எண்ணெய் போடாத பேரிங் சத்தம் கேட்டவர் நீங்கள், இந்த வரி உங்களுக்குப் பிடிக்கும்.) சூரியனின் பெண்மக்கள் முகத்திரையை விலக்கி வழிகாட்டுகிறார்கள். இரவும் பகலும் போய்வரும் வாசல், அதன் சாவி நீதித் தெய்வத்தின் கையில். உள்ளே ஒரு தேவி அந்த இளைஞனின் வலது கையைப் பிடித்து வரவேற்கிறாள். இவ்வளவு அலங்காரத்துக்கும் பிறகு அவள் சொல்லும் செய்தி ஒரே ஒரு வினைச்சொல்: 'எஸ்தின்'. அதற்கு எழுவாய் இல்லை. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது, ஆகவே ஏதோ ஒரு 'அது'வைச் சேர்த்துவிடுகிறார்கள். உடனே 'அது' என்றால் எது என்று பக்கம் பக்கமாக ஆராய்ச்சி. தமிழில் அந்தத் தொல்லையே கிடையாது. 'உண்டு' என்றால் முடிந்தது. அவள் காட்டும் இரண்டு வழிகள்: உண்டு, இல்லை. இரண்டாவது வழியில் போகவே முடியாது, ஏனென்றால் இல்லாததை நினைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

இந்த ஒரு கதவைச் சாத்திவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வரும். உள்ளது தோன்றியிருக்க முடியாது. தோன்றியது என்றால் இல்லாததிலிருந்து வந்திருக்க வேண்டும். அப்படியே வந்தது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றுமில்லாத நிலையில் இன்றைக்கு வராமல் நாளைக்கு வா என்று அதைத் தூண்டியது எது? அனாக்ஸிமாண்டரின் பூமிக்குச் சொன்ன அதே நியாயம்தான். அங்கே இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இடத்துக்குப் பயன்பட்டது, இங்கே முன்பா பின்பா என்று காலத்துக்குப் பயன்படுகிறது. இப்படியே அழிவும் இல்லை, பிரிவும் இல்லை, அசைவும் இல்லை.

உங்கள் மோட்டாருக்கு வருவோம். நின்றிருந்தது, ஸ்விட்சைப் போட்டதும் ஓடுகிறது. அந்த ஓட்டம் முன்பு இல்லை, இப்போது உண்டு. எங்கிருந்து வந்தது? மின்சாரத்திலிருந்து என்பீர்கள். மின்சாரம்? அணையிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ. அதாவது புதிதாக எதுவும் வரவில்லை, வேறு வேறு வடிவில் முன்பே இருந்தது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். பார்மெனிடிஸுக்கு அதில் பாதி வெற்றி. அவருக்குப் பின் வந்தவர்களின் நிலையும் இதுதான். எம்பிடோக்ளிஸின் நான்கு வேர்கள் (நிலம், நீர், காற்று, நெருப்பு), அனாக்ஸகோரஸின் 'எல்லாவற்றிலும் எல்லாம் கலந்திருக்கிறது' என்ற கொள்கை, டெமாக்ரிட்டஸின் அணுக்கள் எல்லாமே 'இல்லாததிலிருந்து எதுவும் வராது' என்பதை ஒப்புக்கொண்ட பிறகு மாற்றத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று போட்ட திட்டங்கள். அவரை ஏன் பெரிய ஆளாக்குகிறார்கள் என்று கேட்டீர்களே, இதனால்தான். அவர் முடிவை ஏற்றவர்கள் குறைவு, அவர் கேள்வியைத் தாண்டிப் போனவர்கள் இல்லை.

அவருடைய வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தவர் பிளேட்டோ, 'சோஃபிஸ்ட்' என்ற உரையாடலில். கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல் மூன்று வேலை செய்கிறது. 'கடவுள் உண்டு' என்பதற்கும் அதுதான், 'இது மரம்' என்பதற்கும் அதுதான், சில இடங்களில் 'அது உண்மை' என்பதற்கும் அதுதான். எதிர்மறையும் அப்படியே. தமிழில் 'இது மரம்' என்பதற்கு வினையே வேண்டாம். மறுத்தால் 'இது மரம் அல்ல' என்போம்; 'மரம் இல்லை' என்றால் வேறு பொருள். (பேச்சில் எல்லாவற்றையும் 'இல்லை'யில் போட்டு அடைத்துவிடுகிறோம், அது தனிக்கதை.) பிளேட்டோ பல பக்கங்கள் பாடுபட்டுச் சொன்னது இதுதான்: ஒன்றை 'அல்ல' என்னும்போது சூனியத்தைச் சொல்வதில்லை, அது மற்றொன்றிலிருந்து வேறு என்றுதான் சொல்கிறோம். தந்தையைக் கொன்றவனாக (தந்தை என்றால் இங்கே பார்மெனிடிஸ்) என்னை நினைத்துவிடாதீர்கள் என்று எலேயாவிலிருந்து வந்த விருந்தாளியின் வாயால் அவர் பணிவாகக் கேட்டுக்கொள்கிறார்.

இதைப் படித்த அன்று எனக்கு நன்னூல் சூத்திரம் ஒன்று நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்: 'வேறில்லை உண்டு ஐம்பால் மூவிடத்தன.' வேறு, இல்லை, உண்டு மூன்றும் எல்லாப் பாலுக்கும் எல்லா இடத்துக்கும் பொது என்கிறார் பவணந்தி. அவர் பேசுவது வினைமுற்றைப் பற்றி, தத்துவத்தைப் பற்றி அல்ல. பிளேட்டோவின் மூன்று கருத்துகளும் ஒரே சூத்திரத்தில் தோளோடு தோள் நிற்பது வெறும் தற்செயல், அதன்மேல் மாளிகை கட்டக் கூடாது. ஆனால் 'உள்' என்ற அடியிலிருந்து பிறந்த 'உண்மை' என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்குப் பார்மெனிடிஸ் அந்நியர் இல்லை என்று மட்டும் சொல்வேன். மொழியின் குழப்பத்தால்தான் அவர் தவறினார் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 'அல்ல'வைப் பிரித்துக் கொடுத்தாலும் ஒன்றுமில்லாததிலிருந்து ஏன் அப்போது வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உபநிடதம் பற்றி. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் பகுதியில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவிடம், ஆதியில் உள்ளது மட்டுமே இருந்தது, இல்லாததிலிருந்து உள்ளது எப்படிப் பிறக்கும் என்று கேட்கிறார். வாதம் அதேதான், காலத்தால் முந்தியது என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஆனால் அடுத்த அடியைப் பாருங்கள். உத்தாலகரின் உள்ளது 'நான் பலவாகட்டும்' என்று எண்ணித் தீயாகவும் நீராகவும் உணவாகவும் விரிகிறது. பார்மெனிடிஸின் உள்ளது அசையவே அசையாது, நன்றாக உருட்டிய பந்துபோல் அப்படியே இருக்கிறது. ஒரே வாசலில் நுழைந்து எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். இங்கிருந்து போயிருக்குமா என்றால், வழி இருந்தது. பாரசீக மன்னர் டேரியஸ் காலத்தில் (மிலேட்டஸ் இருந்த) அயோனியக் கரையும் சிந்து நதிக்கரையும் ஒரே பாரசீக அரசின் இரு முனைகள். அயோனியாவுக்கு அடுத்த காரியாவைச் சேர்ந்த ஸ்கைலாக்ஸ் என்ற மாலுமி சிந்து நதி வழியே கடல்வரை போனதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் வழி இருந்தது என்பது சரக்கு போனதற்குச் சான்று ஆகாது. இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள் என்பதே எனக்குப் போதுமான ஆச்சரியம். இன்னொன்றும் கவனியுங்கள்: எலேயாவின் தேவி தன் பேச்சை அப்படியே நம்பச் சொல்லவில்லை. நான் சொன்ன மறுப்பை உன் அறிவால் தீர்ப்புச் செய் என்கிறாள். சுவேதகேதுவும் சும்மா இல்லை, 'இன்னும் விளக்குங்கள்' என்று அப்பாவை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

கடைசிக் கேள்வி. அரிஸ்டாட்டிலுக்கு மெட்டாபிசிக்ஸ் என்ற சொல்லே தெரியாது. அவர் 'முதல் தத்துவம்' என்றார், சில இடங்களில் 'ஞானம்' என்றார். அவர் இறந்து நெடுநாள் கழித்து, கி.மு. முதல் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவின் ஆண்ட்ரோனிக்கஸ் அவருடைய ஏடுகளை அடுக்கியபோது, இயற்கை பற்றிய நூல்களுக்கு அடுத்து வைத்த 14 புத்தகங்களுக்கு 'இயற்கை பற்றியவற்றுக்கு அடுத்தவை' என்று பெயர் வந்தது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அந்த 'அடுத்து' பிற்பாடு 'அப்பால்' ஆகிவிட்டது. தமிழில் மீவியற்பியல் என்று எழுதுகிறவர்கள் அந்த அப்பாலைப் பிடித்துக்கொண்டவர்கள். எனக்கு மெய்ப்பொருளியல் கைக்கு வரும். அவசரத்தில் நானும் உங்களைப்போல மெட்டாபிசிக்ஸ் என்றே எழுதுகிறேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அறிமுக நூலை மூடிவிட்டு அந்த 150 வரிகளை நேரே படியுங்கள். ஒரு இரவு ஷிப்ட் தாராளமாகப் போதும். தேர் அச்சு கீச்சிடும் இடத்தை மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.