தமிழ்த் தலைப்பு ஏன் சிதைகிறது? மெட்டா டேக் கேள்விகள்

பைதான் நிரலால் இணையப் பக்கங்களின் தலைப்பையும் மெட்டா டேக்குகளையும் (பக்கத்தைப் பற்றிய விவரம் தரும் குறிகள்) எடுப்பது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு ஒரே பதில் போதும்: பிரவுசரில் பக்கத்தின் சோர்ஸை, அதாவது அதன் ஹெச்டிஎம்எல் வரிகளை, திறந்து பாருங்கள். அதைப் பார்த்த பிறகு நிரலில் கை வையுங்கள்.

கேள்வி (கொலுசுக் கடை, செவ்வாய்ப்பேட்டை): டிஸ்கிரிப்ஷன் வருகிறது. ஓஜி டைட்டில் (பக்கத்தைப் பகிரும்போது தெரியும் தலைப்பு) மட்டும் வரவில்லை.

பதில்: டிஸ்கிரிப்ஷன் 'நேம்' ஆட்ரிபியூட்டில் இருக்கும். 2010-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓஜி (ஓப்பன் கிராஃப்) வகையெல்லாம் 'ப்ராபர்ட்டி'யில் இருக்கும். நேமில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இன்னொன்று, ஹெச்டிஎம்எல்லை அலசும் லைப்ரரியான பியூட்டிஃபுல் சூப்பின் ஃபைண்டுக்குள் 'நேம்' என்றால் டேக்கின் பெயர். ஆட்ரிபியூட்டைத் தேட 'ஆட்டர்ஸ்' டிக்ஷனரிக்குள் கொடுங்கள்.

கேள்வி (விருந்தினர் விடுதி, நாகலூர், ஏற்காடு): மலையில் சிக்னல் குறைவு. டேட்டாவை மிச்சம் பிடிக்க ஹெட் ரிக்வெஸ்ட் போட்டேன். டைட்டில் இல்லை.

பதில்: அதற்கு சர்வர் ஹெச்டிடிபி ஹெடரை மட்டும்தான் அனுப்பும். டைட்டில் இருப்பது ஹெச்டிஎம்எல் ஹெட்டில். பேர் ஒன்று, ஆள் வேறு. முழுப் பக்கத்தையும் கேட்கும் கெட் ரிக்வெஸ்ட் போட்டு, ஸ்ட்ரீமாகத் துண்டு துண்டாக வாசித்து, ஹெட் மூடும் டேக் வந்ததும் இணைப்பை மூடிவிடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், அம்மாபேட்டை): ஐயா, சுமார் 3,000 தமிழ்ப் பக்கங்களின் தலைப்பை எடுத்தேன். எல்லாமே குப்பை எழுத்து. அவற்றை நீக்க ரீஜெக்ஸ் (எழுத்துத் தொடர்களைத் தேடும் வடிவம்) வேண்டும்.

பதில்: நிறுத்துங்கள் தம்பி, ஒன்றையும் நீக்காதீர்கள். அது குப்பை இல்லை, உங்கள் தமிழேதான். எழுத்துகளைப் பைட்டாக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் 'க'வுக்கு 3 பைட், கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியே 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே என்பதால்தான் மேலே கீறல் போட்ட 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறது. வட்டத்துக்குள் 'ஆர்' வருவது இரண்டாவது பைட்டால்.

சர்வர் தன் ஹெடரில் சார்செட்டை (எழுத்துக் குறியீட்டு முறையை) சொல்லாவிட்டால், பக்கத்தை இறக்கும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிக்கும் ஐஎஸ்ஓ-8859-1 என்று தானாக வைத்துக்கொள்கிறது. பக்கத்துக்குள் மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்று தெளிவாக எழுதியிருந்தாலும் அதைப் பார்ப்பதில்லை. நீங்கள் 'டெக்ஸ்ட்'டை எடுத்து சூப்பில் போட்டிருக்கிறீர்கள். 'கண்டென்ட்'டை, அதாவது பைட்டை அப்படியே கொடுத்திருந்தால், மெட்டா சார்செட்டை சூப் தானே படித்திருக்கும்.

இருப்பதைக் காப்பாற்ற ஒரே வரிதான்: லத்தீன்-1-ஆக (ஐஎஸ்ஓ-8859-1-இன் இன்னொரு பெயர்) என்கோட் செய்து, யூடிஎஃப்-8-ஆக டிகோட் செய்யுங்கள். ஒரு பைட் குறைந்தாலும் அந்த எழுத்து போய்விடும்.

எத்தனை வருடமாகச் சொல்கிறேன்! ஓரிடத்தில் பழைய தமிழ்ப் பக்கங்களைத் திரட்டி வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துகள் என்று நினைத்து யாரோ 'சுத்தம்' செய்துவிட்டார். நீங்கிய ஒவ்வொன்றும் ஒரு தமிழ் எழுத்தின் மூன்றாவது பைட். என்னைக் கூப்பிட்டபோது மூலப் பக்கங்களும் இணையத்தில் இல்லை. அந்தத் தலைப்புகள் போனவை போனவைதான். வயிறு எரிகிறது. அதனால், வாங்கிய பைட்டை முதலில் கோப்பாகச் சேமியுங்கள், அலசுவது பிறகு.

சார்செட் இடத்தில் 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்' என்று இருந்தால் அது யூனிகோடு பரவுவதற்கு முன் பயன்பட்ட டிஸ்கி, டாப் போன்ற தமிழ்க் குறியீட்டு முறைகளில் ஏதாவதொன்றாக இருக்கலாம். எந்த ஃபான்ட் என்று சோர்ஸில் பார்த்து, அதற்குரிய மாற்றியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): நிரல் பாதியில் நிற்கிறது. ஏன்?

பதில்: நிரலும் அனுப்பவில்லை, பிழைச் செய்தியும் அனுப்பவில்லை. ஊகத்தில் சொல்கிறேன்: ஏதோ ஒரு பக்கத்தில் டிஸ்கிரிப்ஷன் இல்லை, ஃபைண்ட் வெறுங்கையோடு திரும்பியது, நீங்கள் பார்க்காமல் அதில் 'கண்டென்ட்' கேட்டீர்கள். டேக் கிடைத்ததா என்று ஒரு இஃப் போடுங்கள். அடுத்த முறை பிழைச் செய்தியின் கடைசி வரியையாவது எழுதுங்கள்.

கேள்வி (ஜவ்வரிசி வியாபாரி, ஆத்தூர்): ஓஜி இமேஜ் முகவரி வெறும் சாய்கோட்டில் தொடங்குகிறது.

பதில்: யூஆர்எல்ஜாயின். பக்கத்தின் முகவரியோடு சேர்த்து முழு முகவரியாக்கிவிடும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): சோர்ஸில் மெட்டா டேக் கண்ணெதிரே இருக்கிறது. சூப் டாட் ஹெட்டில் தேடினால் இல்லை. சூப்புக்குக் கொடுத்த பார்சர் (ஹெச்டிஎம்எல்லைப் பிரித்துப் படிக்கும் நிரல்) ஹெச்டிஎம்எல்5லிப்.

பதில்: சோர்ஸைப் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. அந்த டேக்குக்கு மேலே ஹெட்டுக்குள் ஒரு டிவ்வோ இமேஜோ இருக்கிறதா பாருங்கள். அங்கே இருக்கக்கூடாத டேக் வந்ததும் இந்த பார்சர், பிரவுசரைப் போலவே, ஹெட்டை முடித்து பாடியைத் தொடங்கிவிடும். அதற்குக் கீழே உள்ள மெட்டாவெல்லாம் பாடிக்குள் போயிருக்கும். முழு சூப்பிலும் தேடுங்கள்.

கேள்வி (ஓமலூர்): நொடிக்கு எத்தனை பக்கம் எடுக்கலாம்?

பதில்: ஒரு தளத்தில் நொடிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். எதையெல்லாம் நிரல்கள் எடுக்கலாம் என்று தளம் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். 1994 முதல் இருக்கும் வழக்கம் அது, 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணம் ஆகிவிட்டது. டைம்அவுட் 10 நொடி வையுங்கள். ரிக்வெஸ்ட்ஸ் தானாக எதுவும் வைக்காது. சர்வர் பதில் சொல்லாவிட்டால் உங்கள் நிரல் விடியும்வரை காத்துக் கிடக்கும்.