பிணம் இல்லாமல் கொலை வழக்கா?

கேள்வி: போன இதழில், ‘2-ன் 1048576-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது பகு எண்தான், ஆனால் அதன் ஒரு காரணிகூட இன்றுவரை யாருக்கும் தெரியாது’ என்று எழுதியிருந்தீர்கள். எதனால் வகுபடும் என்று காட்டாமல் வகுபடும் என்று அடித்துச் சொல்வது, பிணமே இல்லாமல் கொலை வழக்குப் போடுகிற மாதிரி இல்லையா? முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கேட்கிறேன்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பிணம் கிடைக்காமலும் கொலை நிரூபணமாகியிருக்கிறது, சார். சாட்சியம் உறுதியாக இருந்தால் போதும். வகுத்துப் பார்ப்பது ஒன்றுதான் சாட்சியம் என்று நினைக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 3-ஆல் வகுபடும் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். 2-ஐ விடப் பெரிய பகா எண் எதுவானாலும், அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இது ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1640-ல் சொன்னது. 7-க்கு 2-ன் 6-ஆம் அடுக்கு 64, மீதி 1. சரி. 9-க்கு 2-ன் 8-ஆம் அடுக்கு 256; மீதி 4. அவ்வளவுதான், 9 மாட்டிக்கொண்டது. 3 என்ற பெயரை நாம் உச்சரிக்கவே இல்லை, கவனித்தீர்களா?

(மீதி 1 வந்துவிட்டாலே பகா எண் என்று தலைகீழாக முடிவு கட்டிவிடாதீர்கள். 341-க்கும் 1 வரும். அது 11-ஐ 31-ஆல் பெருக்கிய எண்.)

நீங்கள் கேட்ட எண்ணுக்கு 3,15,653 இலக்கங்கள். பக்கத்துக்கு 2000 இலக்கமாக அச்சடித்தால் 158 பக்கம் பிடிக்கும். 1987-ல் ஜெஃப் யங், டங்கன் பியூல் இருவரும் இதே வகைச் சோதனையை, 2-க்குப் பதில் 3-ஐ வைத்து, கம்ப்யூட்டரில் செய்தார்கள். அடுக்கு பெரிதே என்று மலைக்க வேண்டாம்: வர்க்கப்படுத்து, வகு, மீதியை மட்டும் வைத்துக்கொள், திரும்ப வர்க்கப்படுத்து. இப்படிச் சுமார் பத்து லட்சம் சுற்று. பகா எண்ணாக இருந்தால் வரவேண்டிய மீதி வரவில்லை.

இது ஒன்றும் புதுப் பழக்கமும் இல்லை. 2-ன் 67-ஆம் அடுக்கில் 1 கழித்தால் வரும் எண்ணை மெர்சென் 1644-ல் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்தார். 1876-ல் லூக்காஸ் அது பகு எண் என்று காட்டினார், காரணி சொல்லாமலே. காரணி கிடைத்தது 1903-ல்: 193707721, 761838257287. கண்டுபிடித்த கோல், மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின என்று சொன்னதாகக் கதை. நடுவில் இருந்த அந்த 27 வருடமும் அது பகு எண்ணாகத்தான் இருந்தது, கோலுக்காகக் காத்திருக்கவில்லை.

இன்னொன்று. காரணி தெரியாது என்றோமே தவிர, அதைப் பற்றி எதுவுமே தெரியாது என்று சொல்லவில்லை. உங்கள் எண்ணின் எந்தக் காரணியானாலும் 4194304-ஆல் வகுத்தால் மீதி 1 தான் வரும். ஆள் யாரென்று தெரியாது, குடியிருக்கும் தெரு தெரியும். இதே குடும்பத்துச் சின்னத் தம்பி 4294967297, அதாவது 2-ன் 32-ஆம் அடுக்கோடு 1. அதைப் பகா எண் என்றே ஃபெர்மா நம்பினார். 1732-ல் ஆய்லர் 641-ஆல் வகுத்துக் காட்டினார். அந்தத் தம்பிக்குத் தெரு 128. ஐந்து 128, கூட்டல் ஒன்று: 641.

ஓய்வு நேரத்தில் நீங்களே தேடிப் பார்க்க நினைத்தால், பழக்கதோஷத்தில் 3, 7, 11 என்று ஆரம்பித்துவிடாதீர்கள். 4194304-ன் மடங்கோடு ஒன்று கூட்டி, அங்கிருந்து தொடங்குங்கள். சின்ன மடங்குகளை எல்லாம் ஏற்கெனவே சலித்துவிட்டார்கள்.